சத்தம் வந்தால் மட்டும் ஓடும்

10.6.2024, திங்கள்

நேற்றுப் பார்த்ததை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஞாயிறு பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்தபோது இவர் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை ஊரைக் கூட்டியது. திடீரென்று நின்றது. நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் பதறிப் பக்கத்தில் போவதற்குள் தொண்டையில் ஏதோ சிக்கியவர் மாதிரி ஒரு இழுப்பு இழுத்து மறுபடி தொடங்கினார். எழுப்பிச் சொன்னேன். "இன்னாடி, உயிரோட கீறவனப் பொணமாக்கற?" என்று வள்ளென்று விழுந்தார்.

கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ராத்திரி முழுக்க வேலை, பகலில் தூக்கம். போன மாதம் திருக்கனூர் வளைவில் ஒரு நொடி கண் அசந்துவிட்டதாக அவரே சொன்னார். பஸ்ஸில் முப்பத்திரண்டு பெண்கள்.

12.6.2024

லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வீட்டு அருள்தாஸ் துரை வரமாட்டாராம், அவருக்கு ஒன்றும் இல்லையாம். டாக்டரம்மா நல்லவர். தூக்கப் பரிசோதனைக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார். "மூச்சு நிக்கிறத ரெகார்ட் பண்ணிக் கொண்டாங்க. கேட்டுட்டு முன்னாடியே தேதி போடறேன்."

இவர் தூங்கும் நேரம் நான் அங்கன்வாடியில் இருப்பேன். போன் என்னோடு வந்துவிடும். மகளிர் குழுக் கூட்டத்துக்கு வாங்கிய ரெகார்டர் வீட்டில்தான் இருக்கிறது.

13.6.2024

ரெகார்டரை எல்.பி. என்கிற தரத்தில் வைத்துவிட்டுப் போனேன். சத்தம் மட்டமாக இருக்கும், ஆனால் இடம் கொஞ்சமாகப் பிடிக்கும். கூட்டத்துக்கு எப்போதும் அதுதான்.

வந்து கேட்டேன். மீன் பொரிக்கிற சத்தம் மாதிரி இருந்தது. எது பேன், எது புருஷன் என்று தெரியவில்லை.

15.6.2024

திருக்கனூரில் மைக்செட் கடை வைத்திருக்கும் மணிபாரதியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான்.

"எச்.க்யூ.ல போடுக்கா, மூச்சு தெளிவா வுழும். ஆனா இடம் ரொம்பப் புடிக்கும், பேட்டரியும் தாங்காது. அதனால வாய்ஸ்னு கீது பாரு, அதையும் ஆன் பண்ணு. சத்தம் வந்தா ஓடும், இல்லன்னா நின்னுக்கும்."

இவ்வளவு சின்ன டப்பாவுக்குள் இத்தனை புத்தி.

17.6.2024, திங்கள்

தெளிவாக விழுந்திருக்கிறது. அவர் புரண்டு படுப்பது கூடக் கேட்கிறது. சமைத்துக்கொண்டே முழுவதும் கேட்டேன். நான்கு மணி பத்து நிமிடம். குறட்டை, குறட்டை, குறட்டை. எங்கேயும் நிற்கவில்லை. அவரையும் கேட்க வைத்தேன்.

"பாத்தியா? சும்மா டிராக்டர் மாதிரி ஓடுது!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். அன்றைக்கு ஏதோ பிரமை.

18.6.2024

நெத்திலிக் குழம்பு வைத்தேன். மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை, குழம்பே போதும்.

20.6.2024, வியாழன்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

இன்று குழுக் கூட்டம். யார் செயலாளர் ஆவது என்று கேட்டேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நல்ல மூன்று நிமிடம் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் காசம்மாள் அக்கா சலித்துக்கொண்டு, "சரி, நான் கீறேன்" என்றார்.

தீர்மானம் எழுதுவதற்காகப் பதிவைப் போட்டேன். "யார் செயலாளர்?" என்று என் குரல். அடுத்த நொடியே "சரி, நான் கீறேன்!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அடிப்பாவி, நான் இன்னா பதவிக்கு அலையறவளா? அத்தினி நேரம் யோசிச்சேனேடி!" என்றார் அக்கா.

நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது.

அந்த மூன்று நிமிடத்தை மிஷின் தின்றுவிட்டிருக்கிறது. சத்தம் வந்தால்தானே ஓடும்!

திங்களன்று இவர் காலை எட்டரைக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்தார். ஏழு மணி நேரம். பதிவில் இருந்தது நான்கு மணி பத்து நிமிடம். மிச்சம் எங்கே? அமைதியாகத் தூங்கிய நேரமும் அதில் இருக்கும், இருக்கட்டும். ஆனால் நான் பார்த்தது? அதுவும் அதோடு போய்விட்டதே. நெத்திலிக் குழம்பு வேற வெச்சேனே, பாழாப்போனவ.

21.6.2024

வாய்ஸை ஆப் பண்ணிவிட்டேன். இருப்பதிலேயே பெரிய தரம், வேவ். இடம் போதவில்லை. இரண்டு வருடக் கூட்டங்களை அழித்தேன். தலைவி நான்தானே, யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். புதுப் பேட்டரி போட்டுக் கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

22.6.2024, சனி

முதல் அரை மணியிலேயே ஒன்பது இடத்தில் மூச்சு நிற்கிறது. அதற்கு மேல் நான் எண்ணவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ரெகார்டரில் இயர்போனை மாட்டினேன். ஒரு முனை அவர் காதில், மறு முனை என் காதில். குறட்டை கேட்டதும் சிரித்தார். பிறகு நின்றது.

"நின்னு பூட்ச்சி. பேட்டரி போச்சா பாரு."

"மிஷின் ஓடுதுங்க. நம்பரப் பாருங்க."

பார்த்தார். நம்பர் ஓடியது. பேன் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போனாள். அவருடைய மூச்சு மட்டும் இல்லை. இருபது. முப்பது. அவர் தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். நாற்பத்தொன்றாவது நொடியில் அந்த இழுப்பு. உட்கார்ந்திருந்தவர் தூக்கிவாரிப்போட்டு ஒயரைப் பிடுங்கினார்.

ரெகார்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வண்டில முப்பத்திரண்டு பொண்ணுங்க வருது, லில்லி" என்றார் அப்புறம்.

24.6.2024

டாக்டரம்மா இரண்டு நிமிடம்தான் கேட்டார். ஜூலை நான்காம் தேதி பரிசோதனை. அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. இந்த முறை இவரும் வந்திருந்தார். திரும்பும் வழியில் அவரே கம்பெனியில் இறங்கி, பஸ் சாவியைச் சூப்பர்வைசர் புகழ்வேந்தனிடம் கொடுத்துவிட்டு வந்தார். திரும்ப வேலை கொடுப்பார்களா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

26.6.2024

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கண் இரண்டும் ரத்தமாக. நேற்று ராத்திரியும் சரியாகப் படுக்கவில்லை.

"ஏங்க, தூங்கலையா?"

"நீ வர்ட்டும்னு கீறேன். தனியாத் தூங்க பயமா கீது."

இருபது வருடத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. படுக்க வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். இருபது வந்தால் தோளைத் தட்டுவது என்று கணக்கு.

நான்கு மணிக்குள் பதினொரு முறை தட்டினேன். ஒரு முறை கூடத் திட்டவில்லை.