அந்த இரண்டும் ஜோடி இல்லை, மச்சான்

மச்சான்,

இன்று காலையும் குருவிக் கூண்டைச் சுத்தம் செய்தேன். ஈரத்தாளும் தினை உமியும் கலந்த வாடை மூக்கில் ஏறியதுமே உன்மேல் எரிச்சல் வந்துவிட்டது. கூடாக வைத்த சட்டிக்குள் மறுபடியும் முட்டைகள். ஒன்றை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெறும் மஞ்சள் கரு, குஞ்சு பிடித்ததற்கான நரம்பு ஓடவில்லை. போய்ச் சேர்ந்தவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வருகிறது, என்ன செய்ய?

அந்த இரண்டு வெள்ளைப் பின்ச் குருவிகளையும் சப்பாத்துப் பெட்டியில் போட்டு, அக்கரப்பத்தனையிலிருந்து ஹட்டன் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். உன் தலை நனைந்திருந்தது, பெட்டி நனையவில்லை. "தங்கச்சிக்கு ஜோடி கொண்டாந்திருக்கேன்" என்று என் மனைவி கையில் கொடுத்தாய். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் கேட்டேன்: "எது ஆம்பள, எது பொட்டைன்னு எப்படிடா கண்டுபிடிச்ச?"

சாம்பல் நிறப் பின்ச் என்றால் எனக்கே தெரியும். ஆணுக்குக் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு, நெஞ்சில் வரி, விலாவில் புள்ளி. பெண்ணுக்கு இதில் ஒன்றும் கிடையாது. வெள்ளையில் எல்லாம் அழிந்துபோய் அலகின் நிறம் மட்டுந்தான் மிச்சம். "நல்லா செவந்திருந்தா ஆம்பள, வெளுத்திருந்தா பொட்டை. அலகப் பாருடா!" என்று அடித்துச் சொன்னாய். ஒன்று கொஞ்சம் சிவப்பு, மற்றது அதைவிடக் கொஞ்சம் வெளுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம். "ஆம்பளதானே பாடும், பாடுச்சா?" என்றேன். "புது எடம், பழகட்டும்" என்றாய். அவை பழகுவதற்குள் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய்.

இன்றுவரை அந்த இரண்டில் ஒன்றும் பாடவில்லை. இரண்டும் ஒரே சட்டியில் முட்டையிட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அடைகாக்கின்றன. ஒன்றுகூடப் பொரிந்ததில்லை. கடைவீதியில் குருவி விற்கிறவரிடம் போனில் படத்தைக் காட்டினேன். "ரெண்டும் பொட்டைங்க. சில பொட்டைக்கும் அலகு செவப்பாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் சொன்னால், "எங்கண்ணே ஜோடின்னு சொல்லித்தான் குடுத்துச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் உன் தங்கை. ஆண் ஒன்று வாங்கட்டுமா என்றால், வேண்டாம். முட்டையை எடுத்தால் கோபம். எடுக்காவிட்டால் அந்த இரண்டும் விடாமல் அடைகாத்து இளைத்துப் போகின்றன. நீ சொன்ன ஒரு வார்த்தைக்கும் அவள் பிடிவாதத்துக்கும் நடுவில் கூண்டு கழுவுவது நான்.

போன ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலே ஒரு சாம்பல் ஆண்குருவியைச் சின்னக் கூண்டோடு வாங்கிக்கொண்டு வந்தேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. பெரிய கூண்டுக்குப் பக்கத்தில் அதை மாட்டினாள். வந்த கொஞ்ச நேரத்திலேயே அது தொண்டை புடைக்கப் பாடத் தொடங்கிவிட்டது. அவள் மாவு பிசைந்த கையோடு நின்று கேட்டாள்.

"ரெண்டும் பொட்டைன்னு எனக்கு எப்பவோ தெரியுங்க" என்றாள். "எங்கண்ணனுக்கு ஒண்ணும் தெரியலைன்னு நீங்க தெனமும் சொல்றதுதான் தாங்க முடியல."

கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவளே அந்த ஆணைப் பெரிய கூண்டுக்குள் விட்டாள். இன்று நான் எடுத்துப் போட்டவை ஆண் வருவதற்கு முன் இட்ட பழைய முட்டைகள்தான். இனிமேல் குஞ்சு வருமோ வராதோ, தெரியாது.

அன்றிலிருந்து வீட்டில் இதைப்பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. ஆனால் எரிச்சல் அப்படியே இருக்கிறது. நீ இருந்திருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்து, உன் வாசலில் நின்று கத்தியிருப்பேன். நீயும் விட்டிருக்கமாட்டாய். இந்த முறை நியாயம் என் பக்கம் மச்சான், முழுசாக என் பக்கம். அதைச் சொல்லி ஜெயிக்க நீ இல்லை. போடாத அந்தச் சண்டையைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.