அத்தை வாங்கிய கையெழுத்து

ஜூன் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் பேனாவை எடுத்தேன். நம் பிள்ளை வாலு போய் மூன்று மாதமாகிறது. உன் அண்ணி இப்போதுதான் ஒரு வேளையாவது சாப்பிடுகிறாள். நான் மறுபடியும் பள்ளி வேன் ஓட்டுகிறேன். எனக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் எந்தப் பிள்ளையும் உட்கார மாட்டேனென்கிறது. அது அவன் இடமாம்.

நேற்று நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் திசு வங்கியிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. அவன் மூளையிலிருந்து எடுத்த கட்டியின் மீதியை நாங்கள் ஆராய்ச்சிக்குக் கொடுத்தோமாம். யார் கொடுத்தது? உன் அண்ணியைக் கேட்டேன். "ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோறப்ப உங்க தங்கச்சி பேப்பர நீட்டினா, போட்டேன். என்ன ஏதுன்னு பாக்கிற நிலையிலயா இருந்தேன்?" என்கிறாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஒப்புதல் படிவத்தைப் படித்துச் சொல்கிற வேலை உனக்கு. எங்களுக்கு மட்டும் வாய் வரவில்லையா?

உன் அண்ணன்

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தப்பு என்னுடையதுதான். எங்கள் சொந்தக்காரர்களிடம் நாங்களே ஒப்புதல் வாங்கக் கூடாது. வேறொருவர் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் வர நேரமாகும் என்றார். கட்டியை எடுத்த கையோடு உறைய வைக்காவிட்டால் வீணாகிவிடும். என் அண்ணிதானே என்று பேப்பரை நீட்டிவிட்டேன். உரிமை இருக்கிறது என்கிற திமிர், வேறென்ன?

ஒன்றை மட்டும் நம்புங்கள். பரிசோதனைக்குப் போக மிஞ்சியதுதான் எங்களிடம் இருக்கிறது. ஐந்து சின்னக் குப்பிகள். மேலே பெயர் கிடையாது, எண் மட்டும். இந்த வகைக் கட்டி எங்கள் வங்கியில் வேறு இல்லை. எந்த மருந்துக்கு இது அடங்கும் என்று பார்க்க ஓர் ஆராய்ச்சிக் குழு கேட்டிருக்கிறது. அடுத்த மாதம் அனுப்ப வேண்டும்.

வேண்டாமென்றால் இத்துடன் வைத்திருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் வீட்டுக்குத் தர மாட்டார்கள், எரித்துவிடுவார்கள். எரிக்கச் சொல்லாதீர்கள் அண்ணா. காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் தங்கை

ஜூன் 15

சின்னவளுக்கு,

வேண்டாமென்கிற படிவம் இத்துடன் இருக்கிறது. இந்த முறை ஒவ்வொரு வரியையும் உன் அண்ணிக்கு நானே படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

பிள்ளை போய்விட்டான், அவனைத் தின்ற கட்டி மட்டும் உன் ஃப்ரீசரில் பத்திரமாக இருக்கிறதா? நீ என்னிடம் வந்து, "அண்ணா, குடுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதுதான் ஆறவில்லை.

இனிமேல் எழுதாதே.

வாலுவின் அப்பா

ஜூன் 22

அண்ணாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். காரியம் முடிந்ததைச் சொல்ல வேண்டும், அதற்காக மட்டும் எழுதுகிறேன்.

இன்று காலை ஐந்து குப்பிகளையும் வெளியே எடுத்தோம். ஒருவர் எண்ணை வாசிக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். "நீ வேணாம்மா, வெளிய இரு" என்றார் மேற்பார்வையாளர். நான் போகவில்லை. நானே வாசித்தேன். நான்கு முடிந்ததும் ஐந்தாவதை ஒளித்து வைத்துவிடலாமா என்று கை நீண்டது. படிவத்தில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே அண்ணியின் கையெழுத்து இருந்தது. ஐந்தாவது எண்ணையும் வாசித்துவிட்டேன். எல்லாம் உலைக்குப் போயிற்று. ஆராய்ச்சிக் குழுவுக்கு, இல்லை என்று எழுதியாயிற்று. ஒப்புதல் வாங்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சரிதான்.

அன்றைக்கு ஆபரேஷன் வாசலில் வாலு என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, வெளிய எடுத்ததும் எனக்குக் காட்டுவியா?" என்று கேட்டான். காட்டுகிறேன் என்றேன். அதற்கப்புறம் அவன் கண் திறக்கவே இல்லை.

இன்று அவனை இரண்டாவது தடவையும் அனுப்பிவிட்டேன் அண்ணா. முதல் தடவை, மயானத்தில், நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள்.

தங்கை