வாயை மூடிக்கொண்ட வரி

பிப்ரவரி 20

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் குட்டிக் கிழவி மாதிரி இருக்கிறாள்.

ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கத்தோலிக்கக் கோயிலில் நான் ஞானஸ்நானம் வாங்கப்போகிறேன். யாரும் என்னை இழுக்கவில்லை. நீங்கள் என் கையை முறித்த பிறகு, கட்டோடுதான் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கு வேலைக்குத் திரும்பினேன். ஒற்றைக் கையால் போர்வை தைக்க முடியாதபோது பக்கத்திலிருந்த சிற்றாலயத்தில் போய் உட்காருவேன். அங்கே யாரும் "கைக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்கமாட்டார்கள். ஒருநாள் சிலுவையில் இருந்தவரை நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கும் கையில்தான் அடி. அன்றைக்கு அழுத அழுகையில் ஆரம்பித்தது இது.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று ஃபாதர் கேட்டார். திருட்டுத்தனமாகச் செய்தேன் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. அதனால் தெரிவிக்கிறேன். அனுமதி கேட்கவில்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

மார்ச் 2

என் அன்பு ராங்கிக்கு,

நீ என்னை வீட்டை விட்டுத் துரத்திய பிறகு வந்த முதல் கடிதம்! பழுது பார்க்க இறங்கிய லிஃப்ட் பள்ளத்துக்குள் நின்றே படித்தேன். மேலே ஒருத்தன், "அண்ணே, உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கத்துகிறான். நீ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை, தாயே.

என்னோடு வேலை செய்கிறவன் உங்கள் ஆள்தான். அவனிடம் விசாரித்தேன். பரலோக மந்திரம் என்று ஒன்றைத் தினமும் சொல்வீர்களாமே. தீமை செய்தவர்களை நாங்கள் பொறுக்கிறோம் என்று அதில் வருகிறதாமே. "அப்ப உன் சம்சாரம் உன்னைச் சேர்த்துக்கிட்டுத்தான் ஆகணும்" என்று அடித்துச் சொல்கிறான். பார்த்தாயா, உன் கடவுளே என் பக்கம்!

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருகிறேன். பூசை முடிந்ததும் மூன்று பேரும் வீட்டுக்குப் போவோம். மாட்டேன் என்றால், அந்த மந்திரத்தை எந்த வாயால் சொல்வாய்? எல்லார் முன்னாலும் எழுந்து நானே கேட்பேன். குடியை ரொம்பக் குறைத்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

இடம் பார்த்து அடிக்க உங்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

உண்மையைச் சொல்கிறேன். அந்த வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். உங்கள் அம்மா "பொறுத்துக்கோ" என்றார். என் அண்ணன் "கொஞ்சம் பொறுத்துப் போ" என்றான். போலீஸ்காரர்கூட "பொறுத்துக்கம்மா, குடும்பம்னா அப்படித்தான்" என்று அனுப்பிவைத்தார். அந்த வார்த்தை கோயிலுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. கடவுளும் உங்கள் அம்மா கட்சிதானா?

சொல்ல முடியாததைச் சொல்லி ஞானஸ்நானம் வாங்க மனசு வரவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். நானே தைத்த வெள்ளை உடுப்பை அலமாரிக்குள் தள்ளிப் பூட்டினேன். திருப்திதானே உங்களுக்கு?

பாப்பாவின் அம்மா

மார்ச் 14

அன்பு ராங்கிக்கு,

அழாதே, எல்லாம் நல்லதற்குத்தான். பொய் சொல்லி ஒரு சாமியைக் கும்பிடுவானேன்? நான் அதே ஞாயிற்றுக்கிழமை நேராக வீட்டுக்கே வந்துவிடுகிறேன். பூட்டை மாற்றிவிட்டாயாமே? மெக்கானிக்கிடமா இந்த விளையாட்டு? நான் எதையும் கழற்றிவிடுவேன். நீயே திறந்துவிட்டால் இரண்டு பேருக்கும் மரியாதை.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 31

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் போர்வையோடு விரலையும் சேர்த்துத் தைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் சமையல்கார அக்காதான் ஞானஸ்நானத்தின்போது எனக்கு ஞானத்தாயாக நிற்பதாக இருந்தது. அவளிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. "ஏண்டி, அந்த வரியை முழுசாச் சொல்லு பார்ப்போம்" என்றாள். சொன்னேன்.

"இதுல கதவு எங்கடி இருக்கு? அந்த ஆளைக் கூட்டிட்டு வந்து சோறு போடுன்னு எங்கடி இருக்கு?"

"பொறுக்கணும்னு இருக்கே அக்கா."

"அடியைப் பொறுத்துக்கிறதுன்னு எவடி உனக்குச் சொன்னா? அங்க பொறுக்கிறதுன்னா மன்னிக்கிறதுடி, மக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. இத்தனை காலம் எல்லாருமாகச் சேர்ந்து அந்த ஒரு வார்த்தையால் என்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அன்றைக்கே போய் ஃபாதரிடம், சொன்ன தேதியிலேயே நடக்கட்டும் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நான் இல்லை என்றதும் நீங்கள் கோயிலுக்கு வந்துவிட்டீர்கள். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் பெட்டியோடு நின்றதைப் பார்த்தேன். தலையில் ஊற்றிய தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பயத்தில் அக்காவோடு ஒட்டி நின்றேன். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பரலோக மந்திரத்தில் அந்த வரி வந்தபோது உங்களைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டுச் சொன்னேன். எழுந்து கேட்பேன் என்றீர்களே, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டீர்கள்.

உங்களை மன்னித்துவிட்டேன். மெய்யாகத்தான் சொல்கிறேன்; உங்களை நினைத்தால் இப்போது வயிறு எரியவில்லை. ஆனால் உங்களோடு இனி வாழமாட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பாப்பா உங்களைத் தேடுகிறாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் இருப்போம். குடிக்காமல் வந்தால் அவளோடு பேசிக்கொண்டிருக்கலாம். குடித்துவிட்டு வந்தால் ஆளைக் கூப்பிட்டு வெளியே அனுப்பிவிடுவேன். அனுப்பிவிட்டு, உங்களுக்காக ஜெபிப்பேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா