அப்பாவின் மிலிட்டரி சர்வீஸ்

பியர்ஃபோன், மொன்ட்ரியால்
22.10.1996

அன்பு ஹம்சினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் குளிர் தொடங்கியதும் வழக்கம்போல முரண்டு பிடிக்கிறது. நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். குட்டிக்கு இருமல் நின்றதா? ஹீட்டர் போட்டால் அறையில் ஒரு கிண்ணம் தண்ணீர் வை, தொண்டை வறளாது. நீ அனுப்பிய போட்டோவில் மாப்பிள்ளைக்குத் தொப்பை தெரிகிறது, நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன் கடிதம் போன வாரம் வந்தது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி முதல் தடவையாக ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போடப் போகிறாய், ரொம்பச் சந்தோஷம். உன் ஆபீஸில் எந்நேரமும் இதே பேச்சு, ஒருவர் பெரிய போரில் அடிபட்டு வந்தவர், மற்றவர் பட்டாளத்துப் பக்கமே போகாதவர், பட்டாளத்தில் இருந்தார் என்பதற்காக ஜனங்கள் ஓட்டுப் போடுவார்களா அம்மா என்று கேட்டிருந்தாய். வேறு சமயமாக இருந்தால் எனக்கென்ன தெரியும் என்று எழுதியிருப்பேன். இந்த மாதம் அந்த விஷயத்தில் என்னைவிடத் தெரிந்தவர் கனடாவிலேயே கிடையாது. உன் அப்பா மிலிட்டரிக்காரர் ஆகிவிட்டார். சிரிக்காதே, முழுவதும் படி.

நம் தமிழ் மன்றத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. மன்றத்தில் நம்மூர்க்காரர்கள் பாதி, யாழ்ப்பாணத்துக்காரர்கள் பாதி. அப்பாவும், துறைமுகத்தில் லாரி ஓட்டுகிற இரவிச்சந்திரனும் நின்றார்கள். இருவரைப் பற்றியும் நாலு வரி எழுதி எல்லோர் வீட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்று செயலாளர் கிருபானந்தன் போனில் கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அப்பாவுக்குப் பேச்சுக் கொடுத்தால் போதுமே. திண்டுக்கல் கதையெல்லாம் எடுத்துவிட்டு, காலேஜ் முடிக்கிறவரைக்கும் எங்கப்பாகூட மிலிட்டரியிலதான் இருந்தேன், காலைல நாலு மணிக்கு எழுந்தாகணும், அந்தப் பழக்கம் இன்னும் போகலை என்றார். நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் ஒன்றும் தப்பாகப் படவில்லை. உன் தாத்தா நடத்திய மிலிட்டரி ஓட்டலை நம் வீட்டில் யார் முழுப் பெயர் சொல்லியிருக்கிறோம்? கறியும் மீனும் போடுகிற ஓட்டலுக்கு நம்மூரில் அப்படிப் பெயர் என்று பாவம் கிருபானந்தனுக்கு எப்படித் தெரியும்? அச்சாகி வந்த தாளில், இந்திய இராணுவத்தில் தந்தையோடு சேர்ந்து சேவையாற்றியவர் என்று போட்டிருந்தது.

அப்பா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார், உடனே திருத்தச் சொல்கிறேன் என்றார். அன்று சாயந்திரமே நம் பல் டாக்டர் போன் பண்ணி, சார், இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே, எங்க வீட்டு நாலு ஓட்டும் உங்களுக்குத்தான் என்றாராம். மறுநாள் இன்னும் இரண்டு பேர். கோயிலில் ஒருவர் சல்யூட்டே அடித்துவிட்டார். திருத்தச் சொன்னீர்களா என்று நான் கேட்கும்போதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு. தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார் ஹம்சினி! எந்தச் சண்டையில் இருந்தீர்கள் என்று யாராவது கேட்டால், அதெல்லாம் இப்போ எதுக்கு என்று அடக்கமாகச் சொல்கிறார். மொத்தம் எத்தனை ஆடு உங்கள் கையால் வீழ்ந்தது என்று நான் கேட்டேன், முறைத்தார்.

எனக்குச் சிரிப்பு நின்றது ஒரு சனிக்கிழமை. ஊரின் அந்தக் கோடி மொன்ட்ரியால்-நோரிலிருந்து மகள் தாட்சாயினியை என்னிடம் பாட்டு வகுப்புக்குக் கூட்டி வருவாளே கௌரி, அவள் வரவில்லை. பஸ், மெட்ரோ, மறுபடி பஸ் என்று ஒன்றரை மணி நேரம், மூன்று வருஷத்தில் பனி கொட்டினாலும் நின்றதில்லை. பாடம் முடிந்ததும் நானும் அவளும் காபியும் கையுமாக உட்கார்ந்து பேசாத பேச்சில்லை. போன் பண்ணினால் தாட்சாயினி எடுத்து, அம்மாவுக்குத் தலையிடி ஆன்ட்டி, மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த சனியும் அதே தலையிடி. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எண்பத்தேழில் யாழ்ப்பாணம் போன இந்திய ராணுவம் அங்கே கௌரி வீட்டைச் சோதனை போட்ட அன்று கூட்டிக்கொண்டு போன அவள் அண்ணன் திரும்பவே இல்லை. என் சமையலறையில் உட்கார்ந்துதான் ஒரு தடவை அதைச் சொன்னாள். ஒரு இந்தியப் பட்டாளத்துக்காரன் வீட்டிலா இத்தனை நாள் இதையெல்லாம் சொல்லி அழுதோம் என்று நினைத்திருப்பாள் அல்லவா? அப்பாவிடம் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது, ஆனாலும், தேர்தல் முடியட்டும், நானே போய்ச் சொல்றேன் என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நானே கௌரியிடம் சொல்லியிருக்கலாம், நாலு தடவை ரிசீவரை எடுத்தும் வைத்தேன், ஆனால் அவர் வாயால்தான் வர வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அந்தத் தப்பு என்னுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்து ஹாலில் கூட்டம். கௌரி கடைசி வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள், என்னைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டாள். முதலில் இரவிச்சந்திரன் எழுந்து, மன்றத்துக்கு ஒரு சொந்த அறை வேணும், பிள்ளையளுக்குத் தமிழ்ப் புத்தகம் வேணும், எனக்கு வேற கதைக்கத் தெரியாது என்று உட்கார்ந்துவிட்டார். அப்பா எழுதிக் கொண்டுவந்த பேச்சை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், கடைசி வரிசையைப் பார்த்தார். பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நான் ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை, எங்கப்பா வைத்திருந்தது மிலிட்டரி ஓட்டல், நான் அங்கே இலை போட்டேன், தண்ணீர் வைத்தேன், பிரியாணி பரிமாறினேன், தாளில் வந்தது தப்பு, தப்பு என்று தெரிந்தும் இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், சல்யூட் வாங்க நன்றாக இருந்தது என்றார். கிருபானந்தன் தலையில் கை வைத்துக்கொண்டு, ஐயோ அண்ணை, சாப்பாட்டுக் கடையோ, நான் உங்களைச் சண்டைக்கெல்லோ அனுப்பிப்போட்டன் என்றார். அவ்வளவுதான், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. சுத்த சைவம், மட்டன் பிரியாணிக்கு அவர் எப்படிச் சல்யூட் அடிப்பார்? அந்த நாலு ஓட்டும் போச்சு.

ஆக உன் கேள்விக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். பட்டாளம் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் பாதிப் பேர் நெஞ்சை நிமிர்த்தினார்கள், பாதிப் பேருக்கு நெஞ்சு அடைத்தது. பதினெட்டு வருஷமாகத் தெரிந்த மணிவாசகத்தை, உன் அப்பாவை, ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஓட்டு எண்ணியதில் இரவிச்சந்திரனுக்கு நாற்பத்திரண்டு, அப்பாவுக்கு நாற்பத்தொன்று. புதுத் தலைவரின் முதல் உத்தரவு, தீபாவளி விழாச் சமையல் அப்பாவின் பொறுப்பு. அண்டா எங்கே கிடைக்கும் என்று அப்பா இப்போதே ஊர் முழுக்கப் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார், தோற்ற ஆள் மாதிரியே இல்லை.

கூட்டம் கலையும்போது கௌரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம் அக்கா, கேக்கப் பயமாக் கிடந்தது, சனிக்கிழமை வாறம் என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதோடு விட்டாளா? காதுக்குள், நான் அண்ணைக்குத்தான் போட்டனான், இவ்வளவு சனத்துக்கு முன்னாலை எழும்பிச் சொன்னவரெல்லே என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை ஹம்சினி. ஏனென்றால் நான் இரவிச்சந்திரனுக்குப் போட்டுவிட்டேன். பென்சிலைக் கையில் எடுத்தபோது இரண்டு வாரக் கோபம்தான் முன்னால் வந்து நின்றது. வீடு வரும்வரை அப்பா காரில், நமக்குப் போடாத அந்த ஒருத்தர் யாராயிருக்கும் அனு என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றேன்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை, மறக்காமல் போய் ஓட்டுப் போடு, கோபமாக இருந்தால் கொஞ்சம் ஆறவிட்டுப் போ. அப்பா போன் பண்ணினால் அம்மாவின் கடிதம் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடு. அவருக்கு நானே சொல்கிறேன், அண்டா கிடைக்கட்டும்.

உன் அம்மா
அனுசூயா