ஆவி வண்டி

ஜூலை 14, 2003

பாய்லர் ஐந்து மணி நேரம் அழுத்தம் தாங்கியது. ஒரு குழாயில்கூடக் கசிவில்லை. நாலு வருஷ உழைப்பு! தரங்கம்பாடியில் ஒரு பங்களாவின் கோழிக் கொட்டகையிலிருந்து இரும்புக் குப்பையாக அள்ளி வந்த நீராவிக் கார். குவைத்தில் பதினேழு வருஷம் பாய்லர் பார்த்தவன் நான். அங்கே ஒரு நாளும் இப்படித் துள்ளியதில்லை. இருதயம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ம்" என்றாள். புருஷன் துள்ளினால் பெண்டாட்டிக்கு ஒரு "ம்" போதும் போலிருக்கிறது.

ஜூலை 20

மெல்போர்னிலிருந்து மகள் ஷீபா பேசினாள். செப்டம்பர் கடைசியில் பிரசவம். நாங்கள் இருவரும் வந்து ஆறு மாசம் இருக்க வேண்டுமாம். இருதயம்மாளுக்கு விசா வந்தாயிற்று. நான் மனுவே போடவில்லை. "வண்டிய விட்டுட்டு எப்படி வர்றது" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"பதினேழு வருஷம் நீங்க அங்க, நான் இங்க. இப்ப நான் அங்க, நீங்க இங்கயா?" என்றாள் இருதயம்மாள்.

எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டேன். கோழை.

ஜூலை 21

பந்தயம் கட்டியிருக்கிறாள். "நாகப்பட்டினம் வரைக்கும் ஓடட்டும். ஓடிச்சுன்னா இனிமே உங்களக் கூப்பிட மாட்டேன். வழியில நின்னுச்சுன்னா வித்துட்டு எங்கூட வரணும்."

தஞ்சாவூரிலிருந்து எண்பது கிலோமீட்டர். சரி என்றேன்.

ஆகஸ்ட் 12

மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை. வாய்க்காலெல்லாம் புழுதி. முப்பது கிலோமீட்டருக்கு ஒரு முறை தண்ணீர் கேட்கும் வண்டி இது.

ஆகஸ்ட் 30

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

விடிவதற்குள் கிளம்பினோம். வேளாங்கண்ணிக் கொடியேற்றம் முடிந்த மறுநாள். சாலை முழுக்கக் காவி கட்டி நடக்கிறவர்கள். இருதயம்மாள் கண்ணாடி ஓரத்தில் மாதா படம் மாட்டினாள். நீடாமங்கலத்தில் ஒரு அரிசி ஆலையில் தொட்டியை நிரப்பிக்கொண்டோம். திருவாரூரில் நிரப்பிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அங்கே குழாயில் காற்றுதான் வந்தது. மிச்சத்தை வைத்து ஓட்டினேன். பத்துக் கிலோமீட்டர் தாண்டியதும் தொட்டி காலி. பாய்லரின் அளவுக் கண்ணாடியில் ஒரு விரல் தண்ணீர். இன்னும் கொஞ்சம் போனால் பாய்லர் கருகிவிடும்.

ஒரு சின்ன ஊர். நடைபயணிகளுக்காகத் தண்ணீர்ப் பந்தல். லாரித் தண்ணீரைக் குடம் குடமாக வைத்திருந்தார்கள். வயல் கட்டாந்தரை. இதில் என் பொம்மைக்குத் தண்ணீர் கேட்பதா? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பந்தலில் இருந்த அம்மாளே வந்து கேட்டாள். கண்ணாத்தாள் என்று பெயர்.

"இது என்ன வண்டிங்கய்யா, இப்படிப் பொகையுது?"

"ஆவியில ஓடுற வண்டிம்மா."

அவள் மாதா படத்தைப் பார்த்தாள். "ஆவின்னா... கோயில் மைக்குல சொல்லுவாங்களே, பரிசுத்த ஆவி, அதுவாங்க?"

அளவுக் கண்ணாடியைப் பார்த்தேன். "ஆமா" என்றேன்.

ஆமா என்றேன்!

செருப்பைக் கழற்றிவிட்டு ஆறு குடம் ஊற்றினார்கள். கண்ணாத்தாள் சூடான மூடியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். சுட்டிருக்கும். எடுக்கவில்லை. இருதயம்மாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நாகப்பட்டினம் துறைமுகம் வரை ஒரு திக்கல் திணறல் இல்லாமல் ஓடியது. "ஜெயிச்சிட்டீங்க" என்றாள். அவ்வளவுதான். வண்டியை லாரியில் ஏற்றிவிட்டு பஸ்ஸில் திரும்பினோம்.

ஆகஸ்ட் 31

பூசைக்குப் போனாள். சாமியார் தரும் நன்மை அப்பத்தை வாங்கவில்லையாம். ஏன் என்று கேட்டேன். "நீங்க உண்மையச் சொல்லலைன்னா நான் சொல்லியிருக்கணும். நானுந்தான வாயத் தொறக்கல. பாவத்தோட எப்படி வாங்குறது?"

செப்டம்பர் 9

அவளைச் சென்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். கூப்பிடவே இல்லை. சொன்ன சொல் காப்பாற்றுகிறாள். ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் என்ன?

செப்டம்பர் 15

டெம்போவில் இரண்டு டிரம் நல்ல தண்ணீர் ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். கண்ணாத்தாள் வாங்க மாட்டேன் என்றாள். "சாமி வண்டிக்குக் குடுத்தத யாராச்சும் திருப்பி வாங்குவாங்களா?"

சொல்லிவிட்டேன். "அது சாமி வண்டி இல்லம்மா. இட்லிப் பானையில வருமே, அந்த ஆவி. தண்ணிக்காகப் பொய் சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எம் மவன் மலேசியா போயி எட்டு மாசமா ஒரு சேதியும் இல்லீங்க. அதத்தான் அதுமேல கை வச்சு வேண்டிக்கிட்டேன். அப்ப அது?"

குவைத்தில் இருந்தபோது நானும் எட்டு மாசம் கடிதம் போடாமல் இருந்திருக்கிறேன். அப்போது இருதயம்மாள் எதன்மேல் கை வைத்து வேண்டினாளோ, நான் கேட்டதே இல்லை. டிரம்களைப் பந்தல் இருந்த இடத்தில் இறக்கிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 17

மெல்போர்னுக்கு நானே போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"வண்டி அந்த ஊர்லயே நின்னு போச்சு இருதயம். அதுக்கப்புறம் ஓடுனது கணக்குல வராது. நான் தோத்துட்டேன்."

"இங்க ரொம்பக் குளிருது. ஸ்வெட்டர் எடுத்துக்கங்க" என்றாள்.

செப்டம்பர் 22

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து, வாங்குவதற்காகக் காரைப் பார்த்துவிட்டுப் போனார். விசாவுக்குப் போட்டோ எடுத்தேன். சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது என்று ஸ்டூடியோக்காரர் இரண்டு தடவை சொன்னார். எனக்கு அது சிரமமாக இல்லை.