ஒன்றேகால் கிலோ குறைவான ஃபோர்க்

மே 12, செவ்வாய், காலை

நெஸ்டா,

மலையில் முன்னால் போகிறவர் பின்னால் வருபவருக்காக வேலிக்கதவைப் பிடித்திருப்பதே நம் வழக்கம். ஞாயிறன்று நான் மூச்சிரைக்க வந்தபோது கதவு சாத்தியிருந்தது. நீயும் உன் தோழி கேரிஸும் மின்மோட்டார் பொருத்திய மிதிவண்டிகளில் மறுபக்கம் இறங்கிவிட்டீர்கள். என்னோடு ஆடுகள்தாம் நின்றன. இது முறையன்று.

பதினொரு மணிக்கு என் மிதிவண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் கார்பன் ஃபோர்க் கூரியரில் வரும். கையெழுத்திட்டு வாங்கு. பெட்டியின்மேல் எதையும் வைக்காதே.

"ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கா? மூட்டெல்லாம் கழண்டு கையில வந்துடும், வாத்தியாரே!" என்று கேரிஸ் முன்னால் சிரித்தாய். சிரி. பெயரில்லாத மலிவுச் சரக்கை நம்ப மனமில்லை. பெயர்பெற்றதை வாங்க ஓய்வூதியம் இடம்தரவில்லை. மூன்று வாரம் ஒப்பிட்டு, என் ஃபிரேமுக்கேற்ற நீளமும் சோதனைச் சான்றும் உள்ள நடுத்தர விலையுடையதைத் தேர்ந்தேன். பழைய ஸ்பிரிங் ஃபோர்க்கைவிட ஒன்றேகால் கிலோ குறைவு. உன்னை எட்டிப்பிடிக்க அவ்வளவுதான் என்னால் குறைக்க முடிந்தது.

அடுப்பில் ஆட்டுக்கறிச் சூப் இருக்கிறது. பல் மருத்துவரிடம் போய் இரண்டு மணிக்குத் திரும்புவேன்.

எம்ரிஸ்

பி.கு.: எடை குறைந்தாலும் உன் மோட்டாருக்கு நான் ஈடாக மாட்டேன் என்பதை அறிவேன். வரும் ஞாயிறன்று மேட்டில் அதை அணைத்துவிட்டு என் பக்கத்தில் மிதி.