மதுரையில் கட்டிய வரி

கொழும்பு, 1957

மஜீதாவுக்கு ஸலாம். நீயும் மகள் நூர் நிஷாவும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. எனக்கு மூட்டுவலி தவிர வேறு குறையில்லை.

வெள்ளிக்கிழமை நிக்காஹுக்கு நான் வரவில்லை. இங்கே வருமான வரி கட்டிய சான்று இல்லாமல் கப்பலேற விடமாட்டார்களாம். இந்தக் கடை வருமானத்துக்கு மதுரையில் வரி கட்டியாகிவிட்டது. ஒரே சம்பாத்தியத்துக்கு இரண்டு சர்க்காருக்கும் கப்பம் கட்ட நான் யாருக்கும் அடிமையில்லை.

தம்பி ஹமீது, "காக்கா, இங்கன கட்டுன ரசீத மதுரையில காட்டுனா கழிச்சுக்கிருவாக. புள்ள கல்யாணத்துல வீம்பு வேணாம்" என்றான். "நீ கட்டிட்டுப் போடா" என்றேன். கட்டிவிட்டு நேற்றே கப்பலேறிவிட்டான்.

என் இடத்தில் வலியாக, பெண்ணுக்குப் பொறுப்பாளனாக நின்று ஒப்புக்கொடுக்க அவன் வருவான். நான் உயிரோடு இருக்கையில் அது நடக்காது. அனுமதியில்லை என்று ஜமாஅத்துக்கும் எழுதிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க மாட்டோம் என்றால் போகட்டும்.

ஹமீது போனதிலிருந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட ஆளில்லை. திருப்புல்லாணி வைத்தியரிடம் ஒரு புட்டி வாங்கி, வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பு. நெத்திலிக் கருவாடும் கொஞ்சம் வை.

தபால் பையைக் கட்டுகிறார்கள். நூர் நிஷா இதற்குள் மருதாணி வைத்திருந்தால் அழ வேண்டாம் என்று சொல். அது சில நாளில் தானாகவே அழிந்துவிடும்.

பாக்கர்